பெல்ட்டின் வேகத்தைக் கூட்டியவனுக்கு

காளியம்மா அக்காவின் வாய் அன்றைக்குப் பஸ் வருவதற்கு முன்பே சிவந்திருந்தது. கண்ணு, நான் முதலில் கவனித்தது அவ்வளவுதான். அதிலிருந்து என்னவெல்லாம் நடந்தது என்பதை இப்போது உனக்குச் சொல்லப்போகிறேன். பொங்கலுக்கு வந்து நீ திரும்பிப் போன நாளிலிருந்து மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேரில் உட்காரவைத்துச் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டியிருக்கலாம். ஆனால் நீ செய்ததை உன்னைப் போலப் படித்த பிள்ளைகள் இன்னும் எத்தனையோ பேர் எத்தனையோ ஆலைகளில் செய்துகொண்டிருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும். அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும்.

பொங்கலன்று சாப்பிட உட்கார்ந்தபோது, பொட்டலம் கட்டுகிற உன் ஆலையைப் பற்றி நீ சொன்னதை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். "லைன் ஸ்பீடக் கொஞ்சங் கொஞ்சமா கூட்டுனேன்மா. ஒரு பொம்பளைக்கும் தெரியல. அதே ஆளு, அதே கூலி, பொட்டலம் மட்டும் அதிகம். லேபர் காஸ்ட் எறங்கிருச்சுன்னு முதலாளியே கூப்பிட்டுக் கை குடுத்தாரு." உன் முகம் அப்போது பளபளவென்று இருந்தது. உன் அப்பா எழுந்து கை கழுவப் போனார். இலையில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. "அப்பாவுக்கு வயிறு சரியில்லையாம்மா?" என்று கேட்டாய். அவருக்கு வயிறு நன்றாகத்தான் இருந்தது. நான் உனக்கு ரசம் ஊற்றினேன். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் என்ன பேசியிருப்பேனோ எனக்கே தெரியாது.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் என்பது உனக்குத் தெரியும். எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறிய உன் தாத்தா கீழே விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தார். நான் காப்பிக் கொட்டை பொறுக்கும் ஷெட்டுக்கு வேலைக்குப் போனேன். எழுபதுகளின் கடைசி அது. ஏற்காட்டிலிருந்து கிளியூர் போகிற வழியில் அந்த ஷெட் இருந்தது. இப்போது அங்கே ஓட்டல் கட்டிவிட்டார்கள். ஷெட்டுக்குள் நீளமான ரப்பர் பெல்ட் ஒன்று ஓடும். ஒரு தலைப்பில் தோல் நீக்கிய கொட்டை அதன்மேல் விழும். இரண்டு பக்கமும் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து, கறுத்தது, உடைந்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்போம். நல்ல கொட்டை மட்டும் மறு தலைப்புக்குப் போய்க் குவியலாக விழும். நாள் கூலி. எத்தனை மூட்டை போனாலும் கூலி ஒன்றுதான்.

அந்த பெல்ட்டின் இரண்டு நுனிகளையும் இரும்புக் கொக்கிகளால் கோர்த்து இணைத்திருந்தார்கள். சுற்றிச் சுற்றி வரும்போது அந்தத் தையல் ஒவ்வொருத்தி முன்னாலும் கடந்து போகும். நான் சேர்வதற்கு முன்பு ஒரு பெண்ணின் வளையல் அதில் மாட்டி இழுத்திருக்கிறது. அன்றிலிருந்து தையல் கிட்டே வந்ததும் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எல்லோரும் செய்தோம். ஒருத்தி தூக்கி இறக்க, அடுத்தவள் தூக்க, அது ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அலை மாதிரி போகும். "கும்பிடு வருது" என்று கேலியாகச் சொல்லிக்கொள்வோம். தூக்கிய அந்த ஒரு நொடியில் மூக்கைத் துடைப்பாள் ஒருத்தி, தலைமயிரை ஒதுக்குவாள் ஒருத்தி. மதியம்வரை எங்களுக்குக் கிடைத்த ஓய்வு அது.

எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த காளியம்மா அக்கா மாரமங்கலத்துக்காரி. முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். வாய் கொஞ்சம் நீளம். நான் பேசாமல் இருப்பது அவளுக்குப் பெரிய விளையாட்டு. "ஏனுங்க அம்மிணி, வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துருமுங்களா? ஊட்டுக்காரன் வந்து பொறுக்கிக்குவான், பேசுங்க" என்பாள். ஷெட்டுக்குள் வெற்றிலை போடக் கூடாது, கொட்டையில் வாசம் ஏறிவிடும் என்று கண்டிப்பு இருந்தது. ஆனால் அவள் ஒவ்வொரு கும்பிடுக்கும் ஒரு வேலையாகச் செய்துகொள்வாள். முதல் கும்பிடில் இடுப்பிலிருந்து வெற்றிலையை எடுத்துத் துடைப்பாள். அடுத்ததில் சுண்ணாம்பு, அதற்கடுத்ததில் பாக்கு. நாலாவதில் மடித்து வாய்க்குள். காலை டீ முடிந்து ஆரம்பித்தால், சேலம் பஸ் வளைவில் ஹார்ன் அடிக்கிற நேரத்துக்குச் சரியாக அவள் வாய் சிவக்க ஆரம்பிக்கும். அவள் சிரித்துக் காட்டுவாள், நான் தலையைக் குனிந்துகொள்வேன். அன்றைக்கு அவள் வாய் நன்றாகச் சிவந்து, ஒருமுறை வெளியே துப்பிவிட்டும் வந்துவிட்டாள். அதற்கப்புறம்தான் பஸ் ஹார்ன் கேட்டது. நாலு கும்பிடும் சீக்கிரமே வந்து முடிந்திருந்தன.

"அக்கா, பெல்ட்டு வேகமா ஓடுது" என்றேன்.

"பஸ்ஸு லேட்டு கண்ணு. நீ ராத்திரி தூங்குலியா?"

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அந்த டிரைவர் மழையிலும் நேரம் தப்பாத மனுஷர். மூன்றாவது நாள் காளியம்மா அக்கா மென்றுகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

அந்த மாதம்தான் எங்கள் ஷெட்டுக்குப் புது சூப்பர்வைசர் வந்திருந்தார். மலைக்குக் கீழேயிருந்து வந்தவர், படித்தவர், சட்டைப் பையில் ஸ்டாப் வாட்ச். பெயரைச் சொல்ல மாட்டேன். நம் வீட்டுக் காகிதத்தில் அந்தப் பெயர் இருக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷெட் பூட்டியிருந்த நேரத்தில், மோட்டாரில் மாட்டியிருந்த சக்கரத்தை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பெரிய சக்கரம் ஒன்றை மாட்டச் சொல்லியிருக்கிறார். மாட்டிய மெக்கானிக் யார் தெரியுமா? உன் அப்பா. அப்போது எனக்கு அவர் யாரோ. எண்ணெய்க் கையோடு அங்குமிங்கும் போகிற ஒரு ஆள், அவ்வளவுதான்.

வேகம் கூடினால் என்ன ஆகும் என்று உன் படிப்பில் சொல்லியிருப்பார்கள். சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். ஓடுகிற பெல்ட்டையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு அளவைத் தாண்டியதும் பெல்ட் நின்றுவிட்ட மாதிரியும் நாம் உட்கார்ந்திருக்கிற பலகை பின்னால் போகிற மாதிரியும் இருக்கும். குமட்டிக்கொண்டு வரும். மலைப்பாதையில் பஸ் ஏறாத பெண்கள் பஸ் ஏறியவர்களைப் போல வெளியே ஓடி வாந்தி எடுத்தார்கள். கறுப்புக் கொட்டை கண்ணுக்குத் தப்பிப் போய் நல்ல குவியலில் விழுந்தது. விழுந்தால் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அரை நாள் கூலி பிடித்தார். ஆக, வேலை கூடியது, கூலி குறைந்தது. முதலாளியிடம் போய், அதே ஆட்களை வைத்தே இத்தனை மூட்டை கூட எடுத்துவிட்டேன் என்று சொல்லி நல்ல பெயர் வாங்கினார். நீ அன்றைக்கு இலை முன்னால் உட்கார்ந்து சொன்னாயே, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள்.

நாங்கள் வேகத்துக்கு எதிரிகள் என்று நினைக்காதே. அதற்கு முந்தின வருஷம் மழை முன்னாலேயே இறங்கிவிடும் போலிருந்தபோது, பழைய சூப்பர்வைசர் வந்து, "ஒரு வாரம் கொஞ்சம் ஓட்டிக்கலாமுங்களா, மேக்கொண்டு போட்டுக் குடுக்கறனுங்க" என்று கேட்டார். சரி என்றோம். கூட்டினார், கேட்டுக் கேட்டுக் கூட்டினார். போதும் என்றபோது நிறுத்தினார். வாரக் கடைசியில் சொன்னபடி கொடுத்தார். அந்த வாரமும் கண் வலித்தது. ஆனால் நாங்கள் சம்மதித்த வலி அது. நீ உன் ஆலையில் அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத எனக்கு அவசியமே வந்திருக்காது.

காளியம்மா அக்கா நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "இந்தப் புள்ளதானுங்க மொதல்ல கண்டுபுடிச்சுது. சொல்லு கண்ணு" என்று முன்னால் தள்ளிவிட்டாள். எப்படியோ சொல்லிவிட்டேன். பெல்ட் முன்பைவிட வேகமாக ஓடுகிறது, பஸ் வருவதற்குள் வெற்றிலை போட்டு முடிந்துவிடுகிறது என்று.

அந்த ஆள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "எத்தனாவது படிச்ச?"

"ஏழுங்க."

"ஏழாவது படிச்ச இஞ்சினியரு! வெத்தலைய வச்சு மிஷின அளக்குறாங்கப்பா நம்ம இஞ்சினியரம்மா!" என்று ஷெட்டே கேட்கும்படி சிரித்தார். எடை போடுகிறவர் சிரித்தார், மூட்டை தைக்கிறவர் சிரித்தார். மோட்டார் பக்கத்தில் நின்ற உன் அப்பாவும் சிரித்தார். சக்கரத்தை மாட்டிய கை அவருடையது என்பது எனக்கு அப்போது தெரியாது. அன்றிலிருந்து என் பெயர் இஞ்சினியரம்மா. தண்ணீர் பிடிக்கப் போனாலும், "இஞ்சினியரம்மா, பைப்புல தண்ணி சரியான வேகத்துலதான் வருதுங்களா?" என்பார்கள். பதினாறு வயதில் ஒரு பெண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

போனதற்குத் தண்டனையாக இரண்டு காரியம் செய்தார். தலை சுற்றினால் பெண்கள் எட்டி சுவிட்சை அணைத்து ஒரு நிமிஷம் நிறுத்துவது உண்டு. அந்த சுவிட்சை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டார். அடுத்தது கும்பிடு. ஸ்டாப் வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பின்னால் நடந்து நடந்து அளந்தார். "ஒரு நாளைக்கு இதுல மட்டும் எவ்வளவு நேரம் வீணாப் போகுது தெரியுமா? அதுக்கும் சேத்துத்தான் கூலி குடுக்குறோம். இனிமே யாரும் கையத் தூக்கக் கூடாது. பாத்துப் பொறுக்குங்க, ஒண்ணும் ஆகாது."

பத்து நாள் ஆகவில்லை. காளியம்மா அக்காவின் வலது கை விரல்கள் கொக்கியில் மாட்டிக்கொண்டன. அவள் கத்தினாள். பெல்ட் அவளை இழுத்துக்கொண்டு போனது. பலகையிலிருந்து எழுந்து கூடவே ஓடினாள். நான் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன். யாரோ சுவிட்ச் பெட்டியைக் கல்லால் இடித்தார்கள். உன் அப்பா சாவியோடு ஓடி வந்து திறப்பதற்குள் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிழிந்து தொங்கின. ஒருத்தி டீக்கடைக்கு ஓடிக் காப்பித்தூளை அள்ளி வந்து காயத்தில் வைத்து அமுக்கினாள். எத்தனை மூட்டை கொட்டையைப் பொறுக்கிய விரல்கள் அவை. சூப்பர்வைசர் வந்து பார்த்தார். முதலில் அவர் பார்த்தது அவள் வாயை. "வெத்தலையப் போட்டுக்கிட்டுக் கவனமில்லாம இருந்தா இப்படித்தான். நாளைலருந்து வராத" என்றார். முதலாளிக்கும் அப்படியே சொன்னார். வைத்தியத்துக்கு ஒரு காசு கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் உன் அப்பா பாதையில் என்னை மறித்து நின்றார். "நாந்தானுங்க சக்கரத்த மாத்துனேன். மாத்தச் சொன்னாருங்க, மாத்துனேன்" என்றார். நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். "அன்னிக்குச் சிரிச்சீங்களே, அதுவும் அவரு சொல்லித்தானுங்களா?" என்று கேட்டுவிட்டு நடந்தேன். அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. அதற்குப் பிறகு பலநாள் அந்தப் பாதையில் அவர் தலை குனிந்தே போனார். நன்றாக வேண்டும் என்று இருந்தது எனக்கு.

கண்ணு, கதைகளில் வருகிற நல்ல அம்மாக்கள் மன்னித்துவிடுவார்கள். நான் மன்னிக்கவில்லை. ராட்டினம் மாதிரி அந்த ஒரே எண்ணம் எனக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஆள் எதை வைத்து நல்ல பெயர் வாங்கினாரோ, அதை வைத்தே அவர் கெட வேண்டும். நாலு பேர் சிரிக்க என்னை நிறுத்தினார் அல்லவா, அவரும் நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும். நான் சுத்தமாகப் பொறுக்குகிறவள் என்று என்னை பெல்ட்டில் கொட்டை வந்து விழுகிற தலைப்பில் உட்காரவைத்திருந்தார். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

கீழேயிருந்து ஒரு பெரிய வியாபாரி வருகிறார், ஷெட்டைப் பார்த்து மொத்தச் சரக்கையும் பேசி முடிக்கப்போகிறார் என்று தெரிந்தது. சூப்பர்வைசர் துள்ளிக்கொண்டிருந்தார். எங்களை வரிசையாக நிற்கவைத்து, "அவங்க முன்னாடி எவளும் பேசக் கூடாது, தும்மக் கூடாது. நம்ம ஷெட்டுல வேலை எப்படி நடக்குதுன்னு அவங்க பாக்கணும்" என்றார். பார்க்கட்டும் என்று நானும் நினைத்தேன். அந்த வாரம் முழுக்க, தண்ணீர்க் குழாயடியில், மூட்டை மறைவில், கிளியூர் பாதையில், ஒவ்வொருத்தியிடமும் நானாகப் போய்ப் பேசினேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. சிலர் பயந்தார்கள். "வேலை போயிருமுடி" என்றார்கள். "எல்லாரையும் நிறுத்திப்போட்டு யார வச்சுப் பொறுக்குவாங்க?" என்றேன். ஒருத்தி, "முத்து உதிர்க்க ஆரம்பிச்சிருச்சு புள்ள" என்று சிரித்தாள். உன் அப்பாவிடம் நான் போகவில்லை. அவராகவே ஒருநாள் பக்கத்தில் வந்து, "சாவி எங்கிட்டத்தானுங்க இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாள் வந்தது. பொறுக்கி முடித்த சுத்தமான கொட்டை ஷெட்டின் கோடியில் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. வியாபாரி, முதலாளி, அவர்களுக்கு நடுவில் ஸ்டாப் வாட்சோடு இவர். "மத்த ஷெட்டுல இத்தன பொம்பளைங்கள வச்சு இதுல பாதி எடுக்க மாட்டாங்க சார், பாருங்க" என்று சொல்லி பெல்ட்டை ஓட விட்டார். சுவிட்ச் பெட்டியைப் பூட்டிவிட்டு உன் அப்பா வெளியே போனார். கொட்டை வந்து விழுந்தது. தையல் என் முன்னால் வந்தது. நான் இரண்டு கைகளையும் தூக்கினேன். இறக்கவில்லை.

எனக்கு அடுத்தவள் தூக்கினாள். அவளுக்கு அடுத்தவள் தூக்கினாள். ஷெட்டின் அந்தக் கோடிவரை ஒவ்வொருத்தியாகத் தூக்கினார்கள், ஒருத்தியும் இறக்கவில்லை. பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார், நாங்கள் பேசவில்லை. கறுப்பும் உடைசலும் பூச்சிக் கொட்டையும் எங்கள் முன்னால் ஓடிப்போய், பத்து நாளாகப் பொறுக்கிய அந்தக் குவியலின் தலையில் விழுந்து நாலு பக்கமும் உருண்டன.

"ஏய், என்ன இது? எறக்கு கைய! எறக்கு!" என்று கத்திக்கொண்டு அவர் ஒருத்தி கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அடுத்தவளிடம் போவதற்குள் முதலாமவள் மறுபடி தூக்கிவிட்டாள். வியாபாரி குவியலிலிருந்து ஒரு கை அள்ளி, உள்ளங்கையை முதலாளிக்கு விரித்துக் காட்டினார்.

"நிறுத்துய்யா மொதல்ல!" என்றார் முதலாளி.

"சாவி... சாவி மெக்கானிக்கிட்ட இருக்குங்க சார்."

"சுவிட்சுக்கு எதுக்குய்யா பூட்டு?"

உன் அப்பாவைத் தேடி ஆள் ஓடியது. அவர் ரோட்டுமேல் டீக்கடையில் வரிக்கியை டீயில் தொட்டுத் தொட்டு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாராம். பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. அப்போது வாசலில் ஒரு குரல். துணி சுற்றிய கையோடு காளியம்மா அக்கா நின்றுகொண்டிருந்தாள். "ஏனுங்க சார், கையத் தூக்குனா நேரம் நொம்ப வீணாகுதுங்களா? வாட்சுதான் கையில இருக்குதுங்களே, அளந்துக்குங்க!"

பெண்கள் அப்போதுதான் சிரித்தார்கள். தூக்கிய கையோடு, தோள் குலுங்கச் சிரித்தார்கள். அந்த ஆளின் முகத்தை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். இன்றைக்கும் மனசு சரியில்லாத நாளில் அந்த முகத்தை எடுத்துப் பார்த்துக்கொள்வேன், சுகமாக இருக்கும்.

முதலாளி என்னிடம் வந்து, "என்ன புள்ள வேணும் உங்களுக்கு?" என்றார். "பழைய சக்கரத்தப் போடச் சொல்லுங்க. காளியக்காவுக்கு வைத்தியம் பாருங்க" என்றேன். அவர் நல்லவர் என்று நினைத்துவிடாதே. மூட்டை கூடியபோது ஏன் கூடியது என்று அவர் கேட்டதே இல்லை. சரக்கு கெட்டதும் கேட்டார். சக்கரம் மாறியது. வைத்தியச் செலவைக் கொடுத்தார். ஆனால் அந்த வாரக் கூலியை எங்கள் எல்லோருக்கும் நிறுத்திவிட்டார். கெட்டுப்போன குவியலைத் திரும்பவும் பொறுக்கியது நாங்கள்தான். காளியம்மா அக்காவுக்கு மூட்டை தைக்கிற வேலை கொடுத்தார்கள், தையல் போட்டும் மரத்துப்போன விரல்களால் ஊசியைப் பிடிக்க முடியாமல் அவளே நின்றுவிட்டாள். சூப்பர்வைசரை அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பியது எனக்குப் போதவில்லை. அவர் போகிற நாளைத் தெரிந்துகொண்டு, காளியம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தகரப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பினார். நாங்கள் அந்தப் பக்கம் போய் நின்றோம். காளியம்மா அக்கா வாய் நிறைய இருந்ததை அவர் பெட்டியின் ஓரமாகத் துப்பிவிட்டு, "பெட்டி மேல படலீங்களே சார்?" என்று மரியாதையாகக் கேட்டாள். பஸ் கிளம்பி வளைவில் மறையும்வரை நின்று பார்த்தோம். பாவம் என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

உன் அப்பா என்னைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது இரண்டு வருஷம் காக்கவைத்தேன். சிரித்ததற்கு ஒரு வருஷம், சக்கரத்துக்கு ஒரு வருஷம். அப்புறம் நீ பிறந்தாய். உன்னைப் படிக்கவைத்ததில் பாதி அந்த பெல்ட்டில் குனிந்து சம்பாதித்தது. டிப்ளமா வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது, நம் வீட்டிலும் ஒரு இஞ்சினியர் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொன்னார். அந்த வார்த்தை கேட்டு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒருமுறைதான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். கூலி என்பது உன் ஆலையில் ஒரு செலவு. குறைந்தால் உனக்கு நல்ல பெயர். அதே கூலிக்கு அதிகப் பொட்டலம் வந்தது என்கிறாயே, அந்த அதிகம் எங்கேயிருந்து வந்தது? நீ புது மிஷின் வாங்கவில்லை, வேலையை ஒன்றும் சுலபமாக்கவில்லை. அந்தப் பெண்களின் கழுத்திலிருந்தும் கண்ணிலிருந்தும் கேட்காமல் எடுத்தாய். எடுத்ததைத் திருப்பிக் கொடு. வேகத்தைக் குறை, இல்லாவிட்டால் அவர்களை உட்காரவைத்துக் கேட்டு, கூலியைக் கூட்டிக்கொண்டு ஓட்டு. முதலாளி கை குலுக்க மாட்டார், பரவாயில்லை. ஒரு பொம்பளைக்கும் தெரியவில்லை என்றாய். ஒருத்திக்காவது தெரிந்திருக்கும் சாமி. அவள் தலையைக் குனிந்துகொண்டு, யாரிடமும் பேசாமல், உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என் பிள்ளை என்பதற்காக அவள் உன்னை விட்டுவிட மாட்டாள். நானும் விடமாட்டேன்.

இதுவரை எழுதி ஒரு வாரம் மடித்து வைத்திருந்தேன். நீ படித்துவிட்டு, அம்மா பழைய கதை எழுதியிருக்கிறாள் என்று வைத்துவிடுவாய் என்று தோன்றியது. இன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்து அடிவாரத்தில் இறங்கினேன். உங்கள் ஆலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன் அங்கே நின்றுகொண்டிருந்தது. ஆள் பிடிக்கிற அம்மாவிடம் போய், பொட்டலம் கட்டுகிற லைனில் எனக்கு வேலை உண்டா என்று கேட்டேன். "உங்க வயசுக்கு அந்த லைன் ஆகாதுங்க, நொம்ப வேகமா ஓடுது, சின்னப் புள்ளைங்களே மயக்கம் போடறாங்க" என்றார். பழக்கம் உண்டு என்றேன். என் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நாளைக் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார். யார் வீட்டுக்காரி, யாருக்கு அம்மா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஷெட்டுக்குச் சோறு கொண்டுபோன, பரண்மேல் கிடந்த தூக்குப்போசியை இறக்கி, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.